ஈயடிச்சான் காப்பியும் வழிநூல் அறமும்

பிறர் செய்ததை அப்படியே செய்வோரை ‘ஈயடிச்சான் காப்பி’ என்னும் கொச்சை வழக்கால் தமிழர் எள்ளுவர். மூல ஏட்டில் நசுங்கி ஒட்டியிருந்த ஈயைக் கண்ட எழுத்தர், தாமும் ஓர் ஈயை அடித்துத் தம் படியில் அதே இடத்தில் ஒட்டினார் என்னும் வாய்மொழிக் கதை இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இவ்வழக்கு அறியாமையைச் சாடுகிறது என்பது வெளிப்படை. அவர் செயல் அறப்பிழையும் ஆகுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

புனே நகரின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் நிறைவு செய்த மகாபாரத ஆய்வுப்பதிப்பு இங்கு எண்ணத்தக்கது. 1925 முதல் அதன் பொதுப்பதிப்பாசிரியராக விளங்கியவர் வி.எஸ். சுக்தங்கர். பல்வேறு எழுத்துகளில் அமைந்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட சுவடிகள் அப்பணிக்குத் துணையாயின. படியெடுத்தோருள் சிலர் விளங்காத சொல்லைத் திருத்தினர். சுவை கருதிக் கிளைக்கதைகளைச் சேர்த்தனர். இச்சேர்க்கைகள் பல அடிக்குறிப்பிலும் பின்னிணைப்பிலும் இடம்பெற்றன. பிழையையும் மாற்றாது எழுதியவரோ மூலபாடத்திற்குச் சான்றாகிறார். சுவடிகள் ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்வது அவற்றின் உறவை அறிய உதவுகிறது. ஈயும் இவ்வாறு சான்றாகிவிடுகிறது.

அங்ஙனமாயின் படியெடுத்தல் எங்கும் போற்றத்தக்கதோ எனின், அன்று. தொல்காப்பியர் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துவர். இந்நான்கிலும் முதனூல் ஒன்று உண்டென்பது ஒப்புக்கொள்ளப்படுகிறது. எனவே, பிறர் வழிச் செல்லுதல் குற்றமன்று. வழியை மறைத்தலே குற்றம் என்பது பெறப்படும்.

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், பிறர் படைப்பையோ கருத்தையோ தமதாகக் காட்டுவதைக் கருத்துத் திருட்டு என வரையறுக்கின்றன. எனினும், தண்டனை ஒப்புமை விழுக்காட்டைக் கொண்டே அளக்கப்படுகிறது. பத்து விழுக்காடு வரை தண்டனையில்லை. இதனால் ஆய்வாளர் சிலர், பிறர் கருத்தை வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றி மென்பொருளைக் கடந்துவிடுகின்றனர். அவ்வேட்டில் ஈ இல்லை. மூலத்தை அறியும் தடயமும் இல்லை.

ஈயடித்த எழுத்தர் தம்மை ஆசிரியர் எனக் கூறிக்கொள்ளவில்லை. அவரிடம் இல்லாதது அறிவு. இவர்களிடம் இல்லாதது நேர்மை. முன்னதைக் கற்பித்து நிரப்பலாம். பின்னதை விழுக்காட்டால் அளந்தறிதல் இயலாது. ஆதலின், ஆய்வேட்டை மதிப்பிடும் நெறியாளர், எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதனோடு, யாரிடம் பெற்றது என ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளதா என்பதையும் வினவுதல் கடனாகும்.