எம்மெரினின் முடிவு

ஃபயர் எம்பிளம் விளையாட்டுகளில் போரில் வீழ்ந்தவர் வீழ்ந்தவர்தான். 1990இல் ஜப்பானில் வெளிவந்த முதல் விளையாட்டிலேயே இந்த விதி உண்டு. கட்டம் போட்ட களம், நம் முறை முடிந்ததும் எதிரியின் முறை, சதுரங்கம் போலத்தான். ஆனால் சதுரங்கக் காய்க்குப் பெயர் கிடையாது. இங்கே ஒவ்வொரு காய்க்கும் முகம் இருக்கிறது, தோழமை இருக்கிறது.

2012இல் நின்டெண்டோ 3டிஎஸ் கைக்கருவிக்கு வந்த ‘அவேக்கனிங்’, வீழ்ந்தவர்கள் அடுத்த போருக்குத் திரும்பிவரும் எளிய முறையையும் தந்தது. பழைய முறையில் ஆடுகிறவர்களில் பலரும் ஒருத்தி வீழ்ந்த உடனே கருவியை அணைத்து அந்தப் போரை முதலிலிருந்து தொடங்குவார்கள். நானும்தான். இதை அன்பு என்று சொல்லலாமா?

கார்டீலியாவை எடுத்துக்கொள்வோம். பறக்கும் குதிரையில் போரிடும் பெண்கள் படையில் உயிர் தப்பிய ஒரே ஒருத்தி. சக வீராங்கனைகள் செத்துக்கொண்டிருக்க, செய்தி சொல்ல அனுப்பப்பட்டவள். அந்தக் குற்ற உணர்வை விளையாட்டு நன்றாகவே எழுதியிருக்கிறது. ஆனால் அவள் வீழும்போது நம் மனதில் ஓடுவது வேறு கணக்கு. அவள் ஒருவனை மணந்தால்தான் எதிர்காலத்திலிருந்து அவள் மகள் செவேரா வருவாள். மணக்காமல் வீழ்ந்தால் மகளும் இல்லை. பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு திறனை மகளுக்குக் கொடுக்கிறார்கள். தலைமுடியின் நிறம் தகப்பனுடையது. எந்த ஆணோடு சேர்த்தால் வலுவான பிள்ளை கிடைக்கும் என்று அட்டவணை போட்டு ஆடுகிறவர்கள் உண்டு. ஜாதகக்கட்டு பார்ப்பதை விடவும் துல்லியமான அட்டவணை அது.

தகப்பன் யாரானாலும் கார்டீலியாவின் மகள் செவேராதான். பிள்ளை யார் என்பதைத் தாயே தீர்மானிக்கும் இந்த ஏற்பாடு முதலில் எனக்குப் பிடித்திருந்தது. தாய்வழி மரபல்லவா! ஆனால் அந்த மரபின் வாசல் திருமணம் மட்டுமே. கார்டீலியாவும் சுமியாவும் நெருங்கிய தோழிகளாகலாம். அதற்கு மேல் ஒரு படி இல்லை. அந்தப் படி ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டும்தான்.

ஆக நான் காப்பாற்றுவது கார்டீலியாவையா, அவளிடமிருந்து வரப்போகிறவளையா? இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்த விளையாட்டு இடம் தருவதில்லை. பெண்ணின் உயிரைப் பயனோடு சேர்த்தே மதிக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

கருவியை எத்தனை முறை அணைத்தாலும் மீட்க முடியாத ஒருத்தியும் இதில் உண்டு: எம்மெரின். தகப்பன் நடத்திய போரின் பகையைச் சிறுவயதிலேயே சுமந்த அரசி. அவள் உயிருக்கு ஈடாக நாட்டின் புனிதப் பொருளை எதிரி மன்னன் கேங்ரெல் கேட்கிறான். தம்பி குரோம் கொடுக்கத் தயாராகும்போது, எதிரி நாட்டு மக்களைப் பார்த்துப் பேசிவிட்டு அவள் உயரத்திலிருந்து விழுகிறாள். தியாகம் செய்யும் பெண்ணைக் கண்டால் நமக்குச் சந்தேகம் வர வேண்டும், எனக்கும் வருகிறது. ஆனால் இவள் சாவது குடும்ப மானத்துக்காக அல்ல. பேரத்தில் பொருளாக இருக்க மறுக்கிறாள். எதிரி வீரர்களையே பேச்சால் கலைக்கிறாள். அது அரசியல் செயல்.

பின்னர் கூடுதலாக வெளியிட்ட துணை அத்தியாயம் ஒன்றில், நினைவிழந்து, பேச்சுத் தடுமாறும் பெண்ணாக அவளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். படையில் சேர்க்கலாம். ஆண் பாத்திரமாக ஆடினால் மணக்கவும் செய்யலாம். அந்த அத்தியாயத்தை நான் திறப்பதில்லை.