பார்த்த ஊரை மறுபடி பார்ப்பது

காசி–ராமேஸ்வர யாத்திரையில் மறுபடி வருவது யாத்ரிகரின் விருப்பம் அல்ல, விதி. முதலில் ராமேஸ்வரத்துக் கடல் மணலை எடுத்துக்கொள்ள வேண்டும். பிரயாகைத் திரிவேணி சங்கமத்தில் அதைக் கரைத்துவிட்டு, கங்கை நீரைச் செம்பில் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தியாகும். ஒருமுறை பார்த்தது பாதிக் கணக்குத்தான். கோயிலின் தல புராணமும் இதற்கு ஒத்துப்போகிறது. அனுமன் கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவரத் தாமதமாகவே, சீதை மணலில் பிடித்த லிங்கத்தை ராமன் பூசித்தான். பிறகு வந்து சேர்ந்த விசுவலிங்கத்துக்குத்தான் இன்றும் முதல் பூசை.

தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்திலிருந்து ராமேஸ்வரம் போவது இப்போது சுலபம். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோதே தாம்பரம்–ராமேஸ்வரம் ரயிலும் தொடங்கியது. எழும்பூர் வரை அலைய வேண்டாம். சாயங்காலம் தாம்பரத்தில் ஏறினால் காலையில் ராமேஸ்வரம். முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில், தேதி பார்க்கும் அந்த நாளிலேயே கேள்வி வந்துவிடும்: “நாலு வயசுலயே கூட்டிட்டுப் போனீங்களே, மறுபடி எதுக்கு?”

சோம்பலில் கேட்டதுபோல் தோன்றினாலும், இந்தியத் தத்துவம் பல நூற்றாண்டு வாதாடிய விஷயம் இதற்குள் இருக்கிறது. முன்பு கண்ட ஒன்றை மறுபடி கண்டு ‘இது அதுவே’ என்று அறிவதற்குப் பிரத்தியபிக்ஞை என்று பெயர். முன்பு வேறோர் ஊரில் கண்ட தேவதத்தனை இங்கே கண்டு ‘அவனே இவன்’ என்பது பாடநூல் உதாரணம். பௌத்தர்கள் இதை ஏற்கவில்லை. எல்லாம் கணத்துக்குக் கணம் அழிந்து பிறப்பது. வெட்டியபின் வளர்ந்த முடியையும் நகத்தையும் அதே முடி, அதே நகம் என்று சொல்வதுபோலத்தான் இதுவும் என்றார்கள். மொட்டை போட்ட பிள்ளையின் தலையைப் பின்னால் பார்த்தவர்களுக்கு இந்த உதாரணத்தின் கூர்மை புரியும். கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் சென்ற முறை தலையில் விழுந்த நீர் இப்போது இல்லை. கிணறுகளின் பெயர்கள்தான் அப்படியே இருக்கின்றன.

நியாய தரிசனத்தின் பதில் பொருளைவிட்டு, பார்ப்பவரின் பக்கம் திரும்புகிறது. ஒருவர் கண்டதை இன்னொருவர் நினைவுகூர முடியாது என்பது அவர்களுடைய அசைக்க முடியாத வாதம். உதயனர் ‘நியாய குசுமாஞ்சலி’யில் இதை எடுத்தாள்கிறார். முன்பு இன்பம் தந்த பொருளைக் கண்டதும் மறுபடி வேண்டும் என்று ஆசை எழுகிறதே, அன்று அனுபவித்தவரும் இன்று ஆசைப்படுபவரும் ஒருவராக இருந்தால்தானே அது நடக்கும் என்று கேட்கிறார் நியாய உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். ஆன்மா உண்டு என்பதற்கு அவர் காட்டும் அடையாளங்களில் ஆசையும் ஒன்று.

இந்த வாதத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் பெற்றோரின் கட்சி சற்று ஆட்டம் காண்கிறது. ‘நீ பார்த்த ஊர்தானே’ என்று பிள்ளையிடம் சொல்வதில் நியாயம் இல்லை. நாலு வயதில் இடுப்பில் இருந்து பார்த்தது பிள்ளையின் நினைவில் இல்லை. அது அம்மாவின் நினைவு. ஆகவே ஒரே பெட்டியில் போனாலும் பெற்றோருக்கு அது மறுமுறை, பிள்ளைக்கு முதல்முறை. பிள்ளையின் ‘மறுபடி’யும் கடன் வாங்கிய சொல்தான்.

சடங்கிலும் இதற்கு ஒரு இணை உண்டு. தீர்த்தமாடுமுன் செய்யும் சங்கல்பத்தில் காலம், இடம், கோத்திரம், பெயர், நோக்கம் எல்லாம் சொல்லப்படும். குடும்பத் தலைவர் ‘குடும்பத்தோடு’ என்று சேர்த்துச் சொன்னால் கைக்குழந்தைக்கும் அது பொருந்தும். பதினைந்து வயதுக்காரருக்குப் பொருந்துமா? பலன் வேண்டுமானால் கிடைக்கலாம். சங்கல்பம் என்ற சொல்லுக்கோ மனத்தால் தீர்மானித்தல் என்று பொருள், அதை ஒருவருக்காக மற்றவர் செய்வது கடினம். அர்ச்சனையில் பெயரையும் நட்சத்திரத்தையும் அவர்கள் வாயாலேயே சொல்ல விடுவதும், தனுஷ்கோடிக்கு எப்போது போவது என்பதை அவர்களே முடிவு செய்வதும் இந்த வகையில் சடங்குக்கு உள்ளேதான் வரும்.

தனுஷ்கோடி விஷயத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் சமம். 1964 டிசம்பர் புயலில் ரயில் நிலையமும் ஊரும் போயின. கப்பலேறித் தலைமன்னார் போன தனுஷ்கோடியைத் தாத்தா, பாட்டி பார்த்திருந்தால்தான் உண்டு. பாம்பனில் அப்படியில்லை. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போனபோது வாசற்படியருகில் நின்று கடலைப் பார்த்தவர்கள் இன்று பெற்றோராக இருக்கிறார்கள். புதிய பாலம் அதைவிட 3 மீட்டர் உயரம். “முன்னெல்லாம் தண்ணி இன்னும் கிட்ட இருக்கும்” என்று அம்மா சொல்லும்போது, பக்கத்து ஜன்னலில் இருக்கும் பெண்ணுக்குத் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.