நோயாளியும் நம் விருந்தும்

 

உண்ணக் கொடுப்பதில் நம் ஜனங்கள் பின்தங்கியவர்கள் அல்லர். ரமலான் பிறந்துவிட்டால் டன்லப் ஸ்ட்ரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசலிலும், பெங்கூலன் பள்ளிவாசலிலும் நோன்புக் கஞ்சி கொதிக்கும் மணம் தெருவுக்கு வருகிறது. வலீமா என்றால் வந்தவர் வயிறு நிறைந்து எழுந்தால்தான் நமக்கு மனம் நிறைகிறது. இது நல்ல குணம். அல்லாஹ் இதை நம்மிடம் நிலைக்கச் செய்வானாக!

ஆனால் இந்த நல்ல குணத்தின் நிழலிலேயே ஒரு கெட்ட பழக்கமும் வளர்ந்திருக்கிறது. சாப்பிட முடியாத ஒருவர் நம் நடுவே உட்கார்ந்துவிட்டால் அவரை நாம் சும்மா விடுவதில்லை. "ஏன் சாப்பிடவில்லை? என்ன வியாதி? எந்த டாக்டர் சொன்னார்? ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று நாலு பக்கமும் கேள்விகள் பறக்கின்றன. அவர் கையிலிருக்கும் தட்டு எல்லாருக்கும் வேடிக்கைப் பொருளாகிவிடுகிறது. இதைப் பற்றித்தான் இம்மாதம் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

சீலியாக் என்றொரு வியாதி உண்டு. கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் சத்து இருக்கிறது. இந்த வியாதியுள்ளவர் அதை உண்டால், அவர் உடலே தன் சிறுகுடலின் உட்புறத்தைத் தாக்கிப் புண்ணாக்கிக்கொள்கிறது. உண்ட உணவின் சத்து உடம்பில் சேர்வதில்லை. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, மெலிவு எல்லாம் வருகின்றன. இது தொற்று நோயன்று. 1944, 1945ஆம் ஆண்டுகளில் யுத்தத்தினால் ஹாலந்து தேசத்தில் கடும் பஞ்சம் ஏற்பட்டு ரொட்டி அருகிப்போயிற்று. அப்பொழுது இந்த வியாதியுள்ள குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மறுபடி நோயில் விழுந்ததையும் டிக்கே என்ற குழந்தை வைத்தியர் கண்டார். கோதுமையின் மீது அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் உறுதிப்பட்டது. 1950இல் அதை ஆராய்ச்சி நூலாகவே எழுதினார். இன்றளவும் இதற்கு வைத்தியம் ஒன்றுதான்: ஆயுள் முழுதும் அத்தானியங்களைத் தொடாதிருப்பது. ஒரு சிறு துண்டும் கெடுதல் செய்யும்.

சோறு உண்டு வளர்ந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றுகிறது. போதாததற்கு, நீரிழிவு மிகுந்த இந்தச் சிங்கப்பூரில் கோதுமையையே மருந்தாக எண்ணிப் பழகிவிட்டோம். "சோற்றைக் குறை, சப்பாத்தி சாப்பிடு" என்று ஒருவருக்கொருவர் சொல்கிறோம். அந்த யோசனையை இந்த நோயாளியிடம் சொன்னால் அது விஷத்தை எடுத்துக் கொடுப்பதாக ஆகும். அன்போடு சொன்னோம் என்பதால் விஷம் அமுதாகிவிடாது.

எமது மளிகைக் கடைக்கு வரும் ஒரு தாயார், தம் மகளுக்கு இந்த வியாதி என்று தெரிந்தபின் கலியாண வீடுகளுக்கு அவளை அழைத்துப் போவதையே நிறுத்திவிட்டார். "சாப்பாட்டுக்குப் பயமில்லை பாய், நெய்ச்சோறு இருக்கிறது. கேள்விக்குத்தான் பயம். நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளை" என்றார். பாருங்கள், நம் விருந்து ஒரு பிள்ளையை ஜமாஅத்தை விட்டே விலக்கிவிட்டது! இன்னும் சிலர் கேள்விக்கு அஞ்சி, முகத்துக்காக இரண்டு வாய் புரோட்டாவை விழுங்கிவிட்டு வீட்டில் போய்த் துடிக்கிறார்கள்.

இவ்விஷயத்தில் மார்க்கம் என்ன சொல்லுகிறது?

மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் உடும்புக் கறி வைக்கப்பட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் அதில் கை வைக்கவில்லை. இது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) வினவ, இல்லை, எம் ஊரில் இல்லாத உணவு, மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் விடையளித்தார்கள். காலித் அதை இழுத்து வைத்து உண்டார். நாயகமவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கேள்வி, ஒரு விடை; அத்தோடு முடிந்தது. உண்டவரும் உண்ணாதவரும் ஒரே விரிப்பில் அமர்ந்திருந்தார்கள்.

"பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடு, ஒன்றும் செய்யாது" என்று சிலர் சொல்லுகிறார்கள். பிஸ்மில்லாஹ்வின் பரக்கத்தை நாயகத்தைவிட நன்கறிந்தவர் யார்? உம்முல் முன்திர் (ரலி) அவர்கள் வீட்டில் தொங்கிய பேரீச்சங்குலைகளிலிருந்து நாயகமவர்கள் உண்டார்கள். அலி (ரலி) அவர்களும் எடுத்து உண்ணலானார்கள். அலியார் அப்போதுதான் நோயிலிருந்து எழுந்தவர்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணும்படி நாயகம் சொல்லவில்லை. நீர் இன்னும் தேறவில்லையே என்று தடுத்தார்கள். வீட்டுக்கார அம்மையார் வாற்கோதுமையும் கீரையும் சமைத்து வைத்தபோது, அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ கிரந்தங்களில் இருக்கிறது. ஆகவே பத்தியம் காப்பது ஈமானில் குறைவன்று, நபிவழியே ஆகும். இன்னொன்றையும் கவனியுங்கள். அலியாருக்கு ஏற்றதாயிருந்த வாற்கோதுமை, சீலியாக் நோயாளிக்கு ஆகாது. நோய்க்கு நோய் பத்தியம் வேறு. அதை அறிந்தவர் சொல்லட்டும், அறியாதவர் மௌனமாயிருக்கட்டும்.

அறியாதவர் பேசினால் என்ன ஆகும்? பிரயாணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று தோழர்களைக் கேட்டார். சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், மரித்தார். இதைக் கேள்வியுற்ற நாயகமவர்கள், அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்ற பொருளில் கடிந்து, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். "ஒரு வாய் சாப்பிடு" என்று வற்புறுத்துவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சூரத்துந் நூர் 61ஆம் ஆயத்தில், குருடர், முடவர், நோயாளி இவர்கள் மீது குற்றமில்லை என்று தொடங்கி, உறவினர் வீடுகளில் உண்பதைப் பற்றி அல்லாஹ் பேசுகிறான். பிறர் அருவருப்பார்களோ என்று நோயாளிகள் பந்தியிலிருந்து ஒதுங்கியிருந்த காலத்தில் இறங்கியது என்று முபஸ்ஸிர்கள் சிலர் விளக்கியிருக்கிறார்கள். அல்லாஹ் உள்ளே அழைத்தவர்களை நம் நாக்கு வெளியே துரத்தலாமா?

நோன்பு மாதத்திலும் இதே நிலைதான். இன்சுலின் போடுகிறவருக்கு இரத்தச் சர்க்கரை 3.9க்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பை விட வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். அவர் தேக்காவில் ஒரு மூலையில் நின்று இனிப்புத் தண்ணீர் குடித்தால், நாம் அவரைக் கணக்குக் கேட்கிறோம். நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ். துருவித் துருவி விசாரிப்பதைத் திருமறையில் தடுத்தவனும் அவனே.

இனி, செய்ய வேண்டியது யாது? விருந்து வைப்பவர் அழைக்கும்போதே தனியாக ஒருமுறை, "உங்களுக்கு ஆகாதது ஏதாவது உண்டா?" என்று கேட்கட்டும். பிறகு பந்தியில் அந்தப் பேச்சே வேண்டாம். கரண்டி கலக்குமுன் அவர் பங்கை எடுத்து மூடி வைக்கட்டும். சமூசா பொரித்த எண்ணெயில் அவருக்கு ஒன்றும் பொரிக்கலாகாது. ரவை, சேமியா, மைதா கோதுமை என்பது தெரிந்ததே. கூட்டுப் பெருங்காயத் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது, சோயா சாஸிலும் அவ்வாறே. கடைக்காரர்களாகிய நமக்கும் கடமையுண்டு. இந்நாட்டுச் சட்டப்படி பொட்டலத்தில் குளூட்டன் உள்ள தானியத்தைக் குறித்திருக்க வேண்டும். அதைப் படித்துக் காட்டுவோம். ஆட்டா அள்ளிய கரண்டியால் அரிசி மாவை அள்ளாதிருப்போம். தெரியாததைத் தெரியாது என்போம். வியாபாரத்துக்காக "கோதுமை இல்லை" என்று சாதிக்க வேண்டாம்.

நோயுற்ற சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. "கோதுமை எனக்கு ஆகாது, இது போதும், ஜஸாக்கல்லாஹ்" என்று சொல்லுங்கள். அதற்குமேல் விவரிக்க நீங்கள் யாருக்கும் கடன்பட்டவரல்லர். கேட்பவர் அதன்பின் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தட்டை மாற்றித் தர எழுந்தால் அவர் அன்பினால் கேட்டவர். அவருக்கு விளக்கமாகச் சொல்லுங்கள். மேலும் மேலும் கிளறினால், புன்னகையோடு பேச்சை மாற்றிவிடுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விடை சொல்வது இளம்பிள்ளைகளுக்குப் பெரும் உதவி. ஆனால் விருந்துக்கு வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்கள் இடம் இங்கே இருக்கிறது.

நோயாளிகளுக்கு ஷிபாவையும், நம் நாவுகளுக்கு அடக்கத்தையும், நம் விருந்துகளுக்குப் பரக்கத்தையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.