கோத்தவர் பெயர்

1886-இல் நியூயார்க் டிரிபியூன் நாளிதழில் மெர்கந்தாலர் உருவாக்கிய லைனோடைப் என்னும் அச்சுக்கோப்பு இயந்திரம் ஓடத் தொடங்கியது. விசையைத் தட்டத் தட்ட எழுத்தின் வார்ப்பச்சுகள் இறங்கி வரிசை கட்டும். உருகிய ஈயம் பாய்ந்து ஒரு முழு வரியே சுடச்சுட வந்து விழும். அதற்கு 90 விசைகள். ஆங்கிலத்துக்குத் தாராளம். தமிழுக்கு? உயிர் 12, ஆய்தம் 1. பதினெட்டு மெய்க்கும் புள்ளி, அகரம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறாறு வடிவம். அதற்குள்ளேயே 121 ஆகிவிட்டது. காலும் கொம்பும் கிரந்தமும் இனிமேல்தான்.

பெரிய நாளிதழ்கள் சில பின்னால் இயந்திரக் கோப்புக்கு மாறின. நாகர்கோவில் போன்ற ஊர்களின் சிற்றச்சகங்களுக்கோ அது எட்டவே இல்லை. 1820 வாக்கில் மிஷனரி சார்லஸ் மீட் நாகர்கோவிலில் மிஷன் அச்சகம் தொடங்கியபோது கையால்தான் கோத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கவிதைப் புத்தகம் எல்லாம் கைதான். பிறகு நேரே கணினி.

அச்சுக் கோப்பவரான கம்பாசிட்டரின் இடக்கையில் வரியைக் கோக்கும் ஸ்டிக். வலக்கை எழுத்துப் பெட்டியான கேஸின் அறைகளில் துழாவும். கண் கையெழுத்துப் பிரதியை விட்டு நகராது. ஈய எழுத்தின் உடம்பில் சிறு வெட்டு ஒன்று உண்டு. பெருவிரலில் அது தட்டுப்பட்டால் எழுத்து சரியாக நிற்கிறது என்று பொருள். தலைகீழாக, கண்ணாடிப் பிம்பமாக நிற்கும் வரியை அவர் சரளமாக வாசிப்பார். எழுத்துக் கையிருப்போ கொஞ்சம். ஒரு ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகும் பக்கங்கள்) அச்சானதும் கோத்ததைத் தானே கலைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் போட்டு, அதே ஈயத்தால் அடுத்த ஃபாரத்தைத் தொடங்குவார். ஈயத் தூசி, மங்கிய விளக்கு, சொற்பக் கூலி: இவற்றை மறைத்து அந்த வேலையை அழகுபடுத்தக் கூடாது.

இத்தனை எழுத்து வடிவங்களைக் குறைக்கப் பெரியார் 1935-இல் குடி அரசில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்தைத் தமிழக அரசு ஏற்றது 1978-இல். அதே ஆண்டில்தான் நியூயார்க் டைம்ஸ் லைனோடைப்பைக் கைவிட்டது. இயந்திரம் வந்த ஆண்டை வைத்து ஒரு மொழியின் நவீனத்தை அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நம்முடைய நவீனம் அந்த விரல்கள் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்ந்தது. எழுதியவர் பெயர் அட்டையில் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் உள்ளே இருக்கிறது. கோத்தவர் பெயர் எங்கும் இல்லை.

உங்கள் தெருவில் அச்சுக் கோத்த பெரியவர் ஒருவர் இருப்பார். போய் உட்கார்ந்து பேசுங்கள். அவர் கோத்த புத்தகங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நூலை மறுபதிப்பாகக் கொண்டுவருபவர்கள், தெரிந்தவரைக்கும் அந்தப் பெயரையும் ஒரு வரியாகச் சேருங்கள்.