பெற்றோர் கையெழுத்தின் எல்லை

இணையத்தில் குழந்தைகளின் அந்தரங்கத்தையும் பாதுகாப்பையும் காக்க எழுதப்பட்ட சட்டங்கள் பெரும்பாலும் பெற்றோரின் ஒப்புதலையே நம்பி நிற்கின்றன. 13 வயது நிரம்பாத பிள்ளையின் விவரங்களைத் திரட்டுமுன் இணைய நிறுவனங்கள் பெற்றோரைக் கேட்க வேண்டும் என்று அமெரிக்கா 1998-இல் சட்டம் இயற்றியது. 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை அந்த வயதை 16 என வைத்து, உறுப்பு நாடுகள் விரும்பினால் 13 வரை குறைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைத் தாண்டி 18 வயதுக்குப் போனது. அதன் 9-ஆம் பிரிவின்படி, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் பிள்ளையின் தரவை நிறுவனங்கள் கையாளக் கூடாது. பிள்ளையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அதைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது.

நிறுவனங்களுக்கு எதிராக இந்த ஏற்பாடு தேவைதான். பெற்றோரைக் கேட்காமல் குழந்தைகளின் பார்வைப் பழக்கங்களைத் திரட்டியதாக எழுந்த குற்றச்சாட்டில் கூகுளும் யூடியூபும் 2019-இல் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. ஆனால் ஒப்புதல் கொடுக்க வேண்டியவரே பிள்ளையின் படத்தை ஊருக்குக் காட்டுபவராக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தச் சட்டங்களில் விடை இல்லை. இந்தியச் சட்டம், தனிமனிதர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாள்வதைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிடுகிறது. பிள்ளையின் உரிமைகளை 18 வயது வரை பெற்றோரின் கையில்தான் கொடுக்கிறது. காவலுக்கு ஆள் போட்ட சட்டம், காவலாளி தவறினால் யாரிடம் முறையிடுவது என்று சொல்லவில்லை.

சொத்து விஷயத்தில் இந்தியச் சட்டம் இவ்வளவு நம்பிக்கையோடு நடந்துகொள்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1956-ஆம் ஆண்டு இந்து சிறுவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, பிள்ளையின் பெயரில் இருக்கும் நிலத்தையோ வீட்டையோ தகப்பனே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. மீறி விற்றால், அந்த விற்பனையைச் செல்லாததாக்கும்படி பிள்ளை பின்னாளில் வழக்குப் போடலாம். அரை சென்ட் நிலத்துக்கு இத்தனை கட்டுக்காவல். பிள்ளையின் முகமும் பெயரும் குளியல் காட்சியும் காய்ச்சல் விவரமும் ஒரு நொடியில் ஆயிரம் பேருக்குப் போய்ச் சேரலாம். அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம். பெற்றோர் பிள்ளைக்குக் காப்பாளர்களே ஒழிய உடைமையாளர்கள் அல்லர் என்ற கொள்கையைச் சட்டம் நிலத்துக்கு ஒப்புக்கொண்டு வெகுகாலம் ஆயிற்று. முகத்துக்கு அதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க அறநெறியில் காரணம் எதுவும் இல்லை.

தீங்கு என்றால் என்ன என்று கேட்பவர்கள், ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் ஸ்டேட்டஸில் வரும் படம் ஒன்றை நிதானமாகப் பார்த்தால் போதும். புதுச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. பின்னால் நிற்கும் வேனில் பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும். படத்துக்குக் கீழே முழுப்பெயர், எல்.கே.ஜி., பி செக்‌ஷன். அதற்கும் கீழே அத்தை ஒருவர் செல்லப்பெயரைச் சொல்லி வாழ்த்தியிருப்பார். சில வாரங்களுக்கு முன் போட்ட பிறந்தநாள் படத்தில் தேதியும் வயதும் ஏற்கெனவே இருக்கும். இவற்றில் எதுவும் தனியாக ஆபத்தானது அல்ல. சேர்த்து வைத்தால், பள்ளி வாசலில் நின்று செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்நியர் ஒருவருக்குத் தேவையான எல்லாமே அதில் உண்டு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் முகம் தெளிவாகத் தெரியும் ஒரே படத்தைக் கொண்டு ஆபாசப் படம் செய்துவிட முடிகிறது. நேற்றைக்குக் கள்ளமற்றதாக இருந்த படத்தின் கணக்கே மாறிவிட்டது.

இதற்கு எதிர்வாதம் வலுவில்லாதது அல்ல. டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ பிறந்த பேரப்பிள்ளையை யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் இருக்கும் பாட்டி கைப்பேசித் திரையில்தான் வளரப் பார்க்கிறாள். அந்த மகிழ்ச்சியைக் குற்றமாக்கும் அறநெறி மனிதர்களுக்கு உதவாது. பிள்ளை பிறந்ததை ஊருக்குச் சொல்வதும், காதுகுத்துக்குப் பத்திரிகை அடிப்பதும் பழைய வழக்கங்கள்தான். அவற்றைத் தவறு என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் காதுகுத்துக்கு வந்தவர்களின் முகம் வீட்டாருக்குத் தெரியும். பொதுக் கணக்கில் போட்ட காணொளியைப் பார்த்தவர்கள் யார், சேமித்தவர்கள் யார் என்று போட்டவருக்கே தெரியாது. பாட்டிக்குத் தனியாக அனுப்புவதும் ஊருக்கே திறந்து வைப்பதும் ஒரே பாசத்திலிருந்து பிறந்தாலும் ஒரே செயல் அல்ல.

பாசத்தைச் சாக்காகச் சொல்ல முடியாத வகைகளும் இருக்கின்றன. 2017 ஆகஸ்டில், எண்களைச் சொல்லும்போது திட்டு வாங்கிக் கைகூப்பி அழும் சிறுமி ஒருத்தியின் காணொளி நாடெங்கும் பரவியது. விராட் கோலி உள்ளிட்ட கிரிக்கெட் வீரர்கள் அதைப் பகிர்ந்து கண்டித்தார்கள். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவுக்காக எடுத்தது என்று வீட்டார் விளக்கம் சொன்னார்கள். கண்டித்தவர்களின் நோக்கம் நல்லதே. ஆனால் கண்டனத்தோடு சேர்ந்து அந்தக் குழந்தையின் அழுத முகமும் கோடிக்கணக்கானோரிடம் போனது. குழந்தையை அவமானப்படுத்தும் காட்சியைக் கண்டிப்பதற்கு அந்தக் காட்சியே தேவையில்லை என்பது பலருக்கு இன்னும் உறைக்கவில்லை.

பணம் வரும் காணொளிகள் அடுத்த வகை. சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் நடிக்கும் குழந்தைக்கு இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன: நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாக வேண்டும். வீட்டு வரவேற்பறையே படப்பிடிப்புத் தளமாகவும் அம்மாவே இயக்குநராகவும் இருக்கும் சேனல்களில் மணிக்கணக்கைப் பார்க்க யாரும் வருவதில்லை. பிரான்ஸ் 2020-இல் இதற்கென்றே சட்டம் செய்தது. குழந்தையின் வருமானம் வயது வரும்வரை பூட்டி வைக்கப்படும், காணொளியை நீக்கும்படி குழந்தையே பெற்றோரின் அனுமதியின்றிக் கேட்கலாம். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல் இத்தகைய குழந்தைகளுக்கு வருமானத்தில் பங்கு உண்டு. நிலச் சட்டத்தின் நியாயம் முகத்துக்கும் வந்து சேரத் தொடங்கியிருக்கிறது.

பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் வெளியே சொல்வது கேள்வியின் ஒரு பாதி. பிள்ளையின் உள்ளே பெற்றோர் எவ்வளவு தூரம் பார்க்கலாம் என்பது மறுபாதி. இங்கே நியாயம் இன்னும் சிக்கலானது. ஐந்து வயதுக் குழந்தையின் கையில் இருக்கும் செல்போனைப் பெற்றோர் முழுக்கப் பார்ப்பது கடமை. பதினாறு வயதுப் பெண்ணின் ஒவ்வொரு செய்தியையும் ரகசியச் செயலி வைத்துப் படிப்பது வேறு காரியம். பாதுகாப்புக்காகத்தான் என்று அதற்குச் சொல்லப்படும் நியாயமும் எப்போதும் நிற்பதில்லை. படத்தைக் காட்டி மிரட்டுபவனிடம் சிக்கிக்கொண்ட பிள்ளை பெரும்பாலும் வாயைத் திறக்காததற்குக் காரணம், வீட்டில் தெரிந்தால் அடி விழும், போன் பறிபோகும் என்ற பயம். மிரட்டுபவனும் அந்தப் பயத்தை நம்பித்தான் மிரட்டுகிறான். துருவித் துருவிப் பார்க்கும் வீடு அவன் வேலையைச் சுலபமாக்கிவிடுகிறது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் குற்றவாளி பெரும்பாலும் பிள்ளைக்கு அறிமுகமானவர் என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. அந்த அறிமுகமானவர் சில நேரம் அதே வீட்டில் இருப்பவர். அப்படிப்பட்ட பிள்ளை குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழைக்கவும், உதவி தேடி இணையத்தில் படிக்கவும் யாரும் பார்க்காத ஓர் இடம் வேண்டும். அந்தரங்கத்தை விட்டுக்கொடுத்தால்தான் பாதுகாப்பு என்ற வழக்கமான பேச்சு இந்த இடத்தில் பொய்த்துப் போகிறது.

வயதுத் தடை இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்று நம்பும் நாடுகளும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழானவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. நிறுவனம் தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்லாமல் நிறுவனத்துக்கு என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கு தொடங்கும் கட்டத்தில் பத்து வயதுப் பையன் பிறந்த ஆண்டு 2000 என்று தட்டிவிட்டுப் போவதைத் தடுக்க வேண்டுமானால், பெரியவர்களும் தம் வயதை ஏதோ ஒரு வகையில் நிரூபித்தாக வேண்டும். குழந்தைகளின் தரவைக் காக்கும் பெயரில் எல்லாருடைய முகமும் அடையாள அட்டையும் நிறுவனங்களிடம் குவியும் என்பது சின்ன விலை அல்ல. இந்தியாவின் 18 வயது வரம்புக்கும் இதே சங்கடம் வரும். கூடவே, பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் பால்வாடிக் குழந்தையையும் ஒரே தட்டில் வைக்கும் சங்கடமும்.

வயதுக்கேற்ப வளரும் திறனைக் கணக்கில் எடுக்கும் வழி சட்டத்துக்குத் தெரியாதது அல்ல. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டமே, விவரமறிந்து விருப்பம் சொல்லும் வயதில் பிள்ளை இருந்தால் காப்பாளரை நியமிக்கும்போது அந்த விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்கிறது. 1989-இல் ஐ.நா. ஏற்று, இந்தியா 1992-இல் இணைந்த குழந்தை உரிமை உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு, பெற்றோரின் வழிகாட்டுதல் பிள்ளையின் வளரும் திறனுக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்கிறது. 16-ஆம் பிரிவு குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. நான்கு வயதுக் குழந்தையிடம் இணையத்தைப் பற்றி அனுமதி கேட்பது கேலிக்கூத்து. எட்டு வயதில் ‘இந்தப் போட்டோவைப் போடட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லத் தெரியும். அந்த வேண்டாமை மதிக்காமல் போடுவது, கேட்காமல் போடுவதைவிட மோசம்.

பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டு அரசு 2017-இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம் யாருக்கு என்று அறிவிப்பதை நிறுத்தியது. தேர்வு முடிவு நாளில் தனியார் பள்ளிகளின் பிளெக்ஸ் பலகைகளிலும் முகநூல் பக்கங்களிலும் மாணவரின் முகமும் பெயரும் மதிப்பெண்ணும் வருவது நிற்கவில்லை. சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரிக்குக் கீழே பெற்றோர் போட்ட கையெழுத்தே இதற்கெல்லாம் ஒப்புதலாகக் கொள்ளப்படுகிறது. படம் வெளியிடுவதற்குத் தனிப் படிவம் வைத்து, அதை ஆண்டுதோறும் புதுப்பித்து, ஆறாம் வகுப்பு முதல் மாணவரின் கையெழுத்தையும் சேர்த்து வாங்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.