வெட்கம் யாருக்கு?

வரப்பிலே பாம்பைக் கண்ட சிறுவன் அலறினால், தஞ்சைத் தரணியிலே தடியெடுத்து ஓடிவராதார் எவர்? "நீ ஏன் பார்த்தாய்?" என்று அவனையா அடிக்கிறோம்?

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடத்தின் பெயரால் அதே ஊர்களின் குடிசைக்குள்ளும் கைப்பேசி புகுந்தது. அதிலே ஆபாசமோ மிரட்டலோ நெளிந்து வந்தால் மட்டும் பிள்ளை வாய்மூடுகிறதே, ஏன்? முதல் அடி தன் முதுகிலே என்று அதற்குத் தெரியும். மகளாயின் படிப்பே பறிபோகும்; அதற்கு 'மானம்' என்று பெயர் வேறு!

2010-இல் 25 ஐரோப்பிய நாடுகளிலே ஆய்ந்தனர். இணையத்திலே இழிவுபடுத்தப்பட்ட சிறார் பெரிதும் நாடியது நண்பனை, பெற்றோர் அடுத்தபடிதான். அனுப்பியவனைத் தடுப்பதும், வந்ததை அழிப்பதும் பிள்ளைகளே கண்ட தற்காப்பு. (மிரட்டலை அழிக்குமுன் படியெடுத்து வைத்தல் நலம்.)

உதவிக்கு 1098 உண்டு. பாலியல் கொடுமையாயின், பிள்ளையின் பெயரை ஏடுகள் வெளியிடாதபடி தடுக்க 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. அந்த எண்ணை அழைக்கத் துணிவு தரவேண்டிய தந்தையோ, திண்ணையிலமர்ந்து, "பெண்ணுக்கு எதற்குக் கைப்பேசி?" என்கிறார்.