சேர்ந்து துடுப்புப் போட்டால்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகள் 12 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. துடுப்பு இயந்திரத்தில் 45 நிமிடப் பயிற்சி. தனியாகவும் செய்தார்கள், குழுவாகவும் செய்தார்கள். முடிந்ததும் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, வலிக்கிறது என்று சொல்லும்வரை காற்றடித்து இறுக்கினார்கள். உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் சேர்ந்து இழுத்தபோது வலி தாங்கும் திறன் தெளிவாகவே கூடியிருந்தது. உடலில் சுரந்து வலியைத் தணிக்கும் எண்டார்ஃபினே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இதை நடையிலும் முயன்று பார்க்கலாம். முழங்கால் வலிக்கிறதென்று நடையை விட்டுவிட்ட அப்பாவோ அத்தையோ வீட்டில் இருக்கிறார்களா? மருத்துவர் நடக்கச் சொல்லியிருந்தால், நாளைக் காலை நீங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போங்கள். பேச்சுத் துணை கிடைத்தால் பூங்காவை இன்னொரு சுற்று வந்துவிடுவார்கள்.